ஆரக்காலில் ஒரு தகரத் துண்டு

வலது காதைப் பின்சக்கரத்தின் பக்கம் சாய்த்தபடிதான் பெகீத் குதிரைவண்டி ஓட்டுவார். ஆரக்கால் ஒன்றில் தகரத் துண்டு கட்டியிருக்கிறார். சக்கரம் ஒரு சுற்று வந்தால் அது ‘டிக்’ என்று அடிக்கட்டையில் தட்டும். அந்தத் தட்டுக்கு ஒரு கல்யாணப் பாட்டை முணுமுணுப்பார். தட்டு பாட்டை முந்தினால் கடிவாளத்தை இறுக்குவார். பிந்தினால், “என்னடி ஃபர்ஹா, தூக்கமா?” என்று குதிரையைச் சீண்டுவார்.

ஒரு காலத்தில் எகிப்தின் லக்சூர் நகரத்து மணப்பெண்களில் பாதிப்பேர் இந்த வண்டியில்தான் போனார்கள். பெகீத்தின் மனைவி ஷஃபீகா பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுவார். நைல் கரையோர மாடிகளிலிருந்து பெண்கள் குலவையிடுவார்கள். நினைத்தால் பெகீத்துக்கு இப்போதும் மனசு இனிக்கும். மூட்டுவலி வந்து விரல்கள் பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மறுத்தபிறகு ஷஃபீகா வண்டியில் ஏறவில்லை. “சும்மா குந்திக்கிட்டு வர நான் என்ன மூட்டையா?”

போன மாதம் பின்சக்கரங்கள் உளுத்துப்போய், கிடைத்த பெரிய சக்கரங்களை மாட்டி, தகரத் துண்டையும் அதன் ஆரக்காலில் கட்டினார் பெகீத். அன்றிலிருந்து ஃபர்ஹாவுக்கு வாயில் நுரை தள்ளியது. முன்னங்கால் நொண்டியது. “இனியும் விரட்டினா கால் போயிடும்” என்றார் கால்நடை மருத்துவர்.

“நான் எங்க விரட்டினேன்? அதே பாட்டு, அதே தாளம்!” பெகீத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபர்ஹா இல்லாமல் அவருக்குப் பொழுதும் இல்லை, பிழைப்பும் இல்லை.

ஷஃபீகா தக்காளி டப்பாவையும் மாவுச் சல்லடையையும் தரையில் உருட்டினார். “பாருய்யா. வாசல் போறதுக்குள்ள டப்பா எத்தனை குட்டிக்கரணம் போடுது! சல்லடை ஒண்ணு ரெண்டு சுத்துதான். பெரிய சக்கரத்தைப் பழைய தாளத்துக்குச் சுத்தச் சொன்னா, அந்த வாயில்லா ஜீவன் பறந்தில்ல போகணும்?”

வேகத்தை ஆரத்தால் வகுத்தால் சுழற்சி வேகம் என்று நாம் பள்ளியில் உருப்போட்டது இதைத்தான். பெகீத்துக்குப் புரிந்தது. ஆனால் முகம் தொங்கிப்போனது. “அப்போ இழுத்து இழுத்துப் பாடணுமா? கல்யாணப் பாட்டுடி அது, ஒப்பாரியா?”

கால் தேறிய ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வண்டி கிளம்பியது. ஃபர்ஹா நொண்டுகிறாளா என்று பார்க்க ஷஃபீகாவும் ஏறிக்கொண்டார். குதிரை நுரை தள்ளாமல், நிதானமாக ஓடியது. டிக்... டிக்... பெகீத் மனமில்லாமல் பாட்டை இழுத்தார். “நல்லாவே இல்ல” என்று முனகினார்.

ஷஃபீகா மடியில் கிடந்த கைகளை எடுத்தார். வீங்கிய விரல்களை மெல்ல விரித்து, அடுத்த ‘டிக்’குக்குச் சரியாக ஒரு தட்டுத் தட்டினார். அதற்கடுத்ததற்கும்.