அத்தாவின் அடையாள எண்

அத்தா மவுத்தாகி ஐம்பத்திரண்டு நாளாகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அத்தாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்கிறார்கள், அம்மாவின் சர்க்கரையைப் பற்றிக் கேட்கிறார்கள். என் அக்கா நஸீஹாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவள்தான் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாளே, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சிங்கப்பூரில், கிளமெண்டி வீட்டில் அத்தா அம்மாவுடனேயே இருந்தாள். மருத்துவ நிலையங்களுக்கு இணையத்தில் முன்பதிவுப் பக்கம் செய்துகொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சோதிப்பவளாக இருந்தாள். பக்கம் வெளியாகும் முன் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, எங்கே உடைகிறது என்று பார்ப்பது வேலை. வேலை முடிந்தாலும் அந்தப் புத்தி போகாது. சிராங்கூன் சாலையில் சாப்பிடப் போனால், மெனுவில் ஒரே தோசைக்கு இரண்டு விலை இருப்பது அவள் கண்ணில்தான் முதலில் படும்.

“குறை சொல்றதுக்குச் சம்பளமா? உங்கம்மா இத்தனை வருஷம் சும்மாவே செய்யுறாளே லா” என்பார் அத்தா. அப்துல் கஃபார் என்ற அவர் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் கவுண்டரில் முப்பத்தாறு வருஷம் நின்று ஓய்வு பெற்றவர். அம்மா பரீதா அதற்கும் ஒரு குறை சொல்வாள்.

போன வருஷம் அக்காவின் அலுவலகத்தில், இனி கையால் சோதிப்பது போதாது என்று முடிவு செய்தார்கள். கணினி நிரலே பிரவுசரைத் திறந்து, படிவத்தை நிரப்பி, பொத்தானை அழுத்தி, பார்க்க வேண்டும். அந்த ஏற்பாட்டை அக்காவிடம் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டாள். வெறும் கோப்புறையில் ஆரம்பித்தாள். அதற்கான மென்பொருளை நிறுவினாள். எந்தத் தளத்தைச் சோதிக்க வேண்டும் என்ற முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதினாள். பிறகு ஒரு உதவி நூலகம் செய்தாள். எல்லாச் சோதனைக்கும் தேவைப்படுகிற வேலைகளை ஒரே முறை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்வது. அதில் ஒன்றைப் பற்றி என்னிடம் பெருமையாகச் சொன்னாள். சோதனை முடிந்ததும் அந்த நோயாளி பெயரில் இருக்கும் எல்லாப் பதிவையும் அது ரத்து செய்துவிடும். வந்துபோன தடமே இருக்காது.

சோதனைக்கு ஒரு நோயாளி வேண்டும். மனம்போன அடையாள எண்ணைப் போட்டால் பக்கம் ஏற்காது. உண்மையான ஆளின் எண்ணைப் போடக் கூடாது என்று அலுவலக விதி. இன்றைக்கு மட்டும் என்று அத்தாவின் எண்ணைப் போட்டாள். தொலைபேசி எண் அவளுடையது.

மேலாளர் வெங்கடேஷிடம் செய்து காட்ட வேண்டிய நாளில், சோதனைக்கென்றே நகலாக வைத்திருந்த சோதனைத் தளம் வேலை செய்யவில்லை. அந்த ஒரு தடவைக்காக, ஒரு மருத்துவ நிலையத்தின், மக்கள் பயன்படுத்துகிற உண்மைத் தளத்தின் முகவரியை மாற்றிப் போட்டாள். பிரவுசர் தானே திறந்து, தானே எழுதியதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். பிரியாணி வந்தது. முகவரியைத் திரும்ப மாற்ற அவள் மறந்தாள். எண்ணும் அப்படியே இருந்தது.

அரைமணிக்கு ஒருமுறை தானே ஓடும்படி வைத்திருந்ததால், அன்றிலிருந்து அந்த நிரல் அத்தா பெயரில் பதிவு செய்து, அத்தா பெயரில் இருந்த எல்லாவற்றையும் ரத்து செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அவளுக்குக் குறுஞ்செய்தி வந்தது. சோதனைத் தளத்திலிருந்துதான் வருகிறது என்று நினைத்து, சத்தத்தை நிறுத்தி வைத்தாள்.

அந்த வாரத்தில்தான் அத்தாவுக்கு வயிற்று வலி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அதே நிலையத்தில், அதே பக்கத்தில், புதன்கிழமைக்கு அக்காதான் பதிவு செய்தாள். அரைமணி நேரத்துக்குள் அது போய்விட்டது.

புதன்கிழமை அத்தா பஸ் ஏறிப் போனார். பெயர் இல்லை என்றார்கள். அடுத்த இடம் ஐந்து வாரம் கழித்து. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அக்கா தன் அறைக்குப் போய்க் குறுஞ்செய்திகளைத் திறந்தாள். நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுக்கு நடுவே புதன்கிழமைப் பதிவின் ரத்தும் இருந்தது. உடனே முகவரியை மாற்றினாள், எண்ணை எடுத்தாள். வேறு இடத்துக்குப் போகலாம் என்று அத்தாவிடம் கெஞ்சினாள். மாத்திரை போட்டால் வலி அடங்குகிறது, என்ன அவசரம் என்று அவர் மறுத்துவிட்டார். ஏன் அவசரம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஐந்து வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில், கணையத்தில் இருந்த புற்றுநோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. முன்னாலேயே பார்த்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று அக்கா டாக்டரைக் கேட்டாள். சொல்ல முடியாது என்றார்.

அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அந்த நிலையத்தைத் திட்டினாள். அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஒருவருக்குச் செய்த தவறை அவரிடமே சொல்லி, அவர் வாயாலேயே பொருந்திக்கொண்டேன் என்று மன்னிப்பை வாங்க வேண்டும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லப்பட்டது. அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும். நான்கு மாதம் அக்கா தினமும் அதைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்து விழுங்கியிருக்கிறாள். இனி சில நாள்தான் என்று வார்டில் சொன்ன அன்று, அம்மாவைக் கீழே சாப்பிட அழைத்துப் போ என்றாள். நான் போனேன். நடந்ததைப் பிறகுதான் சொன்னாள்.

முழுவதையும் அத்தா கண்ணை மூடிக் கேட்டாராம். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“என் நம்பரை ஏம்மா போட்டே?”

“அதுதான் கைக்கு வந்துச்சு அத்தா. என்னைப் பொருந்திக்குங்க.”

அவர் தண்ணீர் கேட்டார். கரண்டியால் கொடுத்தாள்.

“அன்னிக்குக் கவுண்டர்ல இருந்த பிள்ளைய ஏசிட்டேன்” என்றார். “உனக்கெல்லாம் யாரு வேலை கொடுத்தான்னு கேட்டுட்டேன். அழுதுச்சு. முஸ்கான்னு பேர் குத்தியிருந்துச்சு. நானும் கவுண்டர்ல நின்னவன்தானே. அது மேல தப்பே இல்லைன்னா, நீ போ. போய் என்னைப் பொருந்திக்கச் சொல்லு.”

அவர் யாரையும் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. இதை எங்களிடம் அவர் சொல்லியிருக்கவும் இல்லை.

மறுநாள் காலை நிலையம் திறக்கும்போது அக்கா வாசலில் நின்றாள். முஸ்கான் இருந்தாள். அத்தா ஏசிய அந்தப் புதன்கிழமை, அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரமாம். பதிவை அவள்தான் தவறி அழித்துவிட்டாள் என்று அவள் பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். அக்கா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அங்கிள் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பிறகு, பொருந்திக்கொண்டேன், அவரிடம் சொல்லுங்கள் என்றாள். அங்கேயே நின்று அக்கா அவளுடைய மேலதிகாரிக்கும், தன் அலுவலகத்துக்கும், நடந்ததை எழுதி அனுப்பினாள். அக்காவின் வேலை அந்த வாரமே போயிற்று.

டாக்ஸியில் திரும்பி வருவதற்குள் அத்தாவுக்கு வலி மருந்தைக் கூட்டியிருந்தார்கள். கட்டிலில் குனிந்து, அந்தப் பிள்ளை பொருந்திக்கொண்டது என்று அவர் காதில் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். அவர் எழவில்லை. வெள்ளிக்கிழமை காலை போய்விட்டார்.

நாற்பதாம் நாள் ஓதி, எல்லோரும் போன பிறகு, சோறாக்கிய பெரிய தேக்சாவைக் கழுவும்போது இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். அம்மா உள்ளே படுத்திருந்ததால் மெதுவாகச் சொன்னாள்.

“அந்தப் பிள்ளை தன்னைப் பொருந்தணும்னு கேட்டார், ஹம்னா. என்னைப் பொருந்தினதா ஒண்ணும் சொல்லல.”

அவளை நம்பித்தானே அனுப்பினார், அதிலேயே எல்லாம் வந்துவிட்டது என்றேன். அத்தா பொருந்தியிருப்பார் என்றேன்.

“பொருந்தியிருப்பார்ங்கிறியா, இல்ல பொருந்திட்டேன்னு சொன்னாரா?”

அவர்கள் பேசியபோது அறையில் நான் இல்லை. அதனால் பொய்கூடச் சொல்ல முடியவில்லை. அவள் குழாயை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.