எவர்சில்வர் கத்தி

கழிமுகத்தில் என் அக்காவுக்குச் சிப்பி டாக்டர் என்று பெயர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சிப்பிச் சதையில் எந்த உலோகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற கடல் விஞ்ஞானி. அவள் ஆய்வகத்தில் மோதிரம் கூடாது, பவுடர் கூடாது, உலோகக் கரண்டிகூடக் கூடாது. வெளியிலிருந்து ஒரு துளி ஒட்டினாலும் அளவு பொய்யாகிவிடுமாம். பாட்டில்களை அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவிய பிறகும் அவற்றைச் சந்தேகமாகவே பார்ப்பாள். தன்னையும் ஒருநாள் ஊறப்போட்டுவிடுவாள் என்று அத்தானுக்கு உள்ளூரப் பயம்.

கழிமுகத்துக்கு மேலே நிக்கலும் குரோமியமும் முலாம் பூசும் ஆலை ஒன்று வந்தது. அதன் குழாய் நேராகத் தண்ணீரில் இறங்கியது. ஆலை வருவதற்கு முன்பே, வேலைக்குச் சேர்ந்த புதிதில், அக்கா அங்கே சிப்பி எடுத்து நிக்கலும் குரோமியமும் அளந்திருந்தாள். பிறகும் வருடா வருடம் அளந்தாள். அளவு பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆலை வராத அந்த முதல் வருடத்திலும் அதே அளவு இருந்ததுதான் அவள் தலையைக் குடைந்தது.

அங்கே சிப்பி பொறுக்கும் பெண் ஒருத்தி, பார்க்கும்போதெல்லாம் இதைச் சாப்பிடலாமா என்று கேட்பாள். ஆலை மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது, அக்காதான் முக்கிய சாட்சி. அதனால், "விசாரணை முடியட்டும்மா, அதுவரைக்கும் பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க" என்பாள். அந்தப் பெண்ணும் பிள்ளைகள் அழுதாலும் கொடுக்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அக்கா ஏதோ தேடப்போய்ப் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்தாள். முதல் வருடம், சேற்றில் நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே சிப்பி பிளக்கிறாள். கையில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கத்தி, பளபளவென்று எவர்சில்வர். நான் சிரித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. எவர்சில்வர் என்பதே நிக்கலும் குரோமியமும் கலந்ததுதானாம். ஆய்வகத்துப் பிளாஸ்டிக் கத்தி அடுத்த வருடம்தான் வந்தது. முதல் வருடம் அவள் அளந்தது கடலையா கத்தியையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

கத்தியைப் பற்றி வாயை மூடிக்கொண்டு இரு என்று நான் கத்தினேன். ஆலைக்காரன் மேல் எனக்கு ஆத்திரம், அவளுக்கு அது தெரியும். "மூடிட்டிருந்தா ஆலைக்காரன்தான்டா ஜெயிப்பான். முன்னாடியே இருந்துச்சேன்னு சொல்லிடுவான்" என்றாள். கோர்ட்டில் கத்தியைப் பற்றிச் சொல்லியும் அவன்தான் ஜெயித்தான். ஆலை வக்கீல் அவளைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. அப்படியானால் ஆலை வருவதற்கு முந்தைய அளவு உங்களிடம் இல்லை, அப்படித்தானே என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றாள். அந்த உலோகம் மண்ணிலேயே இருந்திருக்கலாம், ஆலைதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பானது. வாழ்நாள் முழுக்கப் பாட்டில் கழுவியவளுக்குக் கிடைத்தது இதுதான். "ஆலை வராத கடலை இனி எங்கடா போய் எடுப்பேன்" என்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

அடுத்த வாரம் கழிமுகத்துக்குப் போனோம். அந்தப் பெண்ணின் அடுப்பில் சிப்பி வெந்துகொண்டிருந்தது. சின்னவன் ஓட்டோடு எடுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். அக்கா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து, வேண்டாம், கொடுக்காதீங்க என்றாள்.

அந்தப் பெண்ணுக்குக் குழப்பம்.

"விசாரணைதான் முடிஞ்சிருச்சே டாக்டரம்மா," என்றாள். "நீங்க சொன்னதுக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம்."