சாமியாத்தாள் அக்காவின் இடது கன்னம்

எங்கள் பனியன் கம்பெனியில் சாமியாத்தாள் அக்காவின் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை இன்னும் பிறக்கவில்லை. வெள்ளகோவில்காரி, வயது ஐம்பத்திரண்டு, செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவன் மடியிலேயே விட்டெறிவாள். சரிசெய்ய முடிந்தது ஆல்ட்ரேஷனுக்குப் போகும், முடியாதது ரிஜெக்ட். முதலாளியே அவள் டேபிளைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

அப்பேர்ப்பட்டவளின் இடது கன்னத்துக்குள் எந்நேரமும் ஒரு உருண்டை புகையிலை இருக்கும். இருபது வருடப் பழக்கம். போன பொங்கலுக்குப் பிறகு அவள் காரத்தைத் தொடவில்லை. சாதத்தைத் தயிரில் கரைத்துக் குடித்தாள். ஒருநாள் அவள் கொட்டாவி விட்டபோது, எதிரே உட்கார்ந்திருந்த நான் பார்த்துவிட்டேன். கன்னத்தின் உட்புறம் காசு அகலத்துக்கு வெள்ளைத் திட்டு.

"என்னக்கா அது?"

"சுண்ணாம்புல வெந்துபோச்சு. உன்ற வேலையப் பாரு நதியா."

சுண்ணாம்புப் புண் மூன்று மாதமா இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோவில்பட்டியில் என் சித்தப்பாவும் இப்படியே சொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தார். அதைச் சொன்னதும் அக்காவின் கை நின்றது.

டெஸ்டுக்கு எங்கே போவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை. லேபில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். ஸ்கேன் சென்டரில் வயிற்றுக்கா என்றார்கள். அயர்ன் மாஸ்டர் முனீஸ், "கோயமுத்தூருக்குத்தான் போகணும்" என்றான். அவனுக்கு எதைக் கேட்டாலும் கோயமுத்தூர்தான். கடைசியில் பார்த்தால், பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்து அரசு ஆஸ்பத்திரியில், பல் டாக்டரே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிடுகிறார். இதற்கா இத்தனை அலைச்சல்!

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு ஆள் சரக்கைச் சோதிக்க வந்தால், நல்ல பீஸ் இருக்கும் மேல் பெட்டியைத்தான் திறந்து காட்டுவோம். டேமேஜ் எல்லாம் அடிப் பெட்டியில் கிடக்கும். அக்கா மூன்று நாள் புகையிலையை விட்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, பல்லை மினுக்கிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டரம்மா விளக்கைப் பிடித்ததும் வலது கன்னத்தை இழுத்து அமர்க்களமாகக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் காட்டுங்கம்மா."

"ரெண்டும் ஒரே மாதிரிதானுங்க."

"மேடம், அது மேல் பெட்டி. அடிப் பெட்டியத் திறக்கச் சொல்லுங்க" என்றேன் நான்.

டாக்டரம்மா இடது பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். சின்னதாகச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என்னைத் திட்டியதை எழுதினால் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். திட்டி முடித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "டேமேஜுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா ரிஜெக்ட்ல போட்டுருவாங்க கண்ணு. நானே எத்தனை போட்டிருக்கறேன்."

வியாழக்கிழமை அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், இடது கன்னத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரோடு. வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எடம் தெரியாம நல்ல பக்கத்துல வெட்டிப்போட்டாங்கன்னா?" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரிசல்ட் வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவள் டேபிளிலிருந்து ஒரு பீஸ்கூட ரிஜெக்டுக்குப் போகவில்லை. எல்லாம் ஆல்ட்ரேஷன்தான்.

இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் விட்டால் ஆகலாம் என்றார் டாக்டரம்மா. புகையிலையை அடியோடு நிறுத்த வேண்டும், சிகிச்சைக்கும் சோதனைக்கும் தவறாமல் வர வேண்டும்.

அக்காவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. எழுந்து நின்று கேட்டாள்: "அப்ப ஆல்ட்ரேஷன்தானுங்களா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான் ஆமாம் என்றேன்.