மூன்றாம் நம்பர் சிஸ்டத்தின் இரண்டு முகங்கள்

ஆரோக்கிய ராணியின் விரல் நுனிகளில் முந்திரி ஓட்டு எண்ணெயின் கறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்தவள். 2006-ல் அண்ணன் குடும்பத்தோடு சிதம்பரம் வந்ததும், கண்ணாயிரம் நடத்திய பிரவுசிங் சென்டரில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அங்கே ஆறு கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும், இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைக் கடலூர்க்காரர் ஒருவர் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் திரைக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்றில் மேலே ஒரு பட்டை, மூலையில் குட்டிப் பாதத்தின் படம். இன்னொன்றில் பட்டை கீழே, மூலையில் பல்சக்கரம். உள்ளே நுழையும்போதே எது வேண்டுமென்று தேர்ந்தெடுக்கலாம்; அடுத்தவர் மாற்றும்வரை அதுவே நிற்கும். கண்ணாயிரத்துக்கு அது தெரியாது. கல்லூரி மாணவி சிந்துஜாவுக்குத் தெரியும். அவள் செய்ததைத் துடைப்பமும் கையுமாக நின்று பார்த்த ராணிக்கும் தெரியும்.

மூன்றாம் நம்பர் சிஸ்டத்துக்கு மேலேதான் ஃபேன். காலையில் அங்கே உட்காருபவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா ராமாமிர்தம். அவருக்குச் சக்கரம் வேண்டும். சாயங்காலம் சிந்துஜா. அவளுக்குப் பாதம். அவள் மாற்றிவிட்டுப் போனதை, மறுநாள் கடை திறந்ததும் ராணி சத்தமில்லாமல் திருப்பி வைப்பாள். சொல்வதைவிடச் செய்வது அவளுக்குச் சுலபம்.

ஒருநாள் அண்ணன் மகளுக்குக் காய்ச்சல். ராணி வர ஒன்பதரை ஆகிவிட்டது. ராமாமிர்தம் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா கண்ணாயிரம், நேத்து கீழ இருந்தது இன்னிக்கு மேல ஏறி உக்காந்திருக்குது?"

"அதுவா மாறுது சார். காலைல ஒரு மாதிரி இருக்குது, சாயங்காலம் வேற மாதிரி இருக்குது."

"மந்திரிச்சு ஒரு கயிறு கட்டு."

கண்ணாயிரம் சிரிக்கவில்லை. "ஆறையும் வித்துட்டு ஜெராக்ஸ் கடை வச்சிடறேன் சார். அதுக்கு நான் ஒருத்தனே போதும்."

ராணிக்கு விரல்களில் பழைய எரிச்சல் திரும்பி வந்ததுபோல் இருந்தது. மறுபடியும் முந்திரிக் கொட்டகைதானா?

"அண்ணே" என்றாள். ஃபேன் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை உரக்கச் சொன்னாள். "அதுவா மாறல. சாயங்காலம் சிந்துஜா மாத்துது. காலைல இவருக்காக நான் மாத்தி வைக்கறேன்."

"நீயா? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே."

ராமாமிர்தம் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

"அதுக்குன்னு தெனம் மாத்திக்கிட்டே இருப்பியா?" என்றார் கண்ணாயிரம்.

"எங்க அண்ணியும் நானும் அலமாரியில ஒரே தட்டுல சாமான் வச்சிருந்தோம். அவுங்க உப்ப முன்னால வைப்பாங்க, நான் மொளகாத்தூள வைப்பேன். ஒரே சண்ட. அப்பறம் ஆளுக்கொரு தட்டு பிரிச்சிக்கிட்டோம். இங்க எல்லாரும் ஒரே பேர்லதான நுழையறாங்க? பேர ரெண்டாக்கிடுங்க. ஒண்ணுக்குப் பாதம், ஒண்ணுக்குச் சக்கரம். வச்சது வச்ச எடத்துல இருக்கும்."

கண்ணாயிரம் கடலூர்க்காரருக்கு போன் போட்டுக் கேட்டார். சரியான யோசனைதான் என்று சொல்லி, செய்யும் வழியையும் அவர் சொன்னார். பத்து நிமிஷ வேலை.

"என்ன பேரு வைக்கறது?"

"அண்ணின்னு ஒண்ணு, நாத்தனார்னு ஒண்ணு" என்றார் ராமாமிர்தம். "எனக்கு அண்ணி போதும். நாத்தனார் சகவாசம் வேணாம்."

ஜெராக்ஸ் கடைப் பேச்சு அதோடு நின்றது. சாயங்காலம் சிந்துஜா வந்தபோது கண்ணாயிரம் டீ குடிக்கப் போயிருந்தார். திரையில் இரண்டு பேரைப் பார்த்ததும் அவள் திரும்பினாள்.

"அக்கா, இதுல நான் யாரு?"

"நீ நாத்தனாரு" என்றாள் ராணி, கண்ணாயிரத்தின் நாற்காலியிலிருந்து எழாமலே.