சாகுல் காக்காவும் அந்த இரட்டை நட்சத்திரமும்

செய்தி வந்தபோது வகுப்பில் இருந்தேன். மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி மூன்று முறை அதிர்ந்தது. நான்காவது முறை எடுத்துப் பார்த்தேன். துபாய் சத்வாவிலுள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் சாகுல் காக்காவோடு வேலை செய்யும் முபாரக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். வெளியே போய்க் கேட்டேன்.

"டாக்டர், சாகுல் காக்கா மௌத்தாயிட்டாங்க. பஜ்ரு தொழுதுட்டு வந்து படுத்தவங்க எந்திரிக்கல. பேப்பர் வேலையெல்லாம் முடிச்சு நாளைக்கு அஸர் தொழுகைக்கு அப்புறம் அல் கூஸ்ல அடக்கம்."

மறுநாள் அல் கூஸ் அடக்கத்தலத்துக்குப் போனேன். உள்ளே போவது பெண்களுக்கு வழக்கமில்லை என்பதால் வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தேன். முப்பது பேர் இருக்கும். பாதிப்பேர் கடைச் சட்டையோடு நேராக டூட்டியிலிருந்து வந்திருந்தார்கள். தலைகளுக்கு மேலே ஒரு கை கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனது. காயல்பட்டினத்தில் அவருடைய மனைவி அதன் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாகுல் ஹமீதை உங்களில் பலருக்குத் தெரியும். சத்வாவில் கண்ணாடி போட்டுக்கொண்ட தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்கு லென்சைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தியவர் அவர்தான். ஆனால் விடுமுறை நாட்களில் அவர் என்ன செய்தார் என்பது எங்கள் சிலருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஷார்ஜாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கிறேன். என் ஆராய்ச்சி ஒரு வகை இரட்டை நட்சத்திரங்களைப் பற்றியது. இரண்டில் ஒன்று எரிந்து முடிந்து பூமி அளவுக்குச் சுருங்கிப்போனது. ஆனால் அதன் காந்தப்புலம் பயங்கரமானது. பக்கத்திலிருக்கும் துணை நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்துத் தன் காந்த முனைகளில் கொட்டிக்கொள்ளும். அங்கே எலக்ட்ரான்கள் சுழன்று சுழன்று விழுவதால் வெளிவரும் ஒளியும் சுழற்சியோடு வருகிறது. இதை வட்டத் தளவிளைவு என்போம். அதை அளந்தால் நெருங்கவே முடியாத அந்தக் காந்தப்புலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

அளக்கும் கருவியை வாங்க எங்கள் துறையில் வழியில்லை. நாமே செய்வோம் என்று இறங்கினேன். ஒரு மெல்லிய ஒளியியல் தகட்டின் ஓரத்தை அரை மில்லிமீட்டர் தேய்க்க வேண்டியிருந்தது. நான்கு கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். ஐந்தாவது கடையில் சாகுல் காக்கா தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு மூக்குலயும் உக்கார்ற கண்ணாடி இல்லையே. எதுக்கும்மா?"

சொன்னேன். பத்து நிமிடம் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். தேய்த்துக் கொடுத்துவிட்டு, "லீவு நாள்ல வந்து பாக்கலாமா? கை வேலை எதாச்சும் இருந்தா செய்யறேன்" என்றார். அந்த ஞாயிறே வந்தார். அதன்பின் இரண்டு வருடம் அநேகமாக எல்லா ஞாயிறும் வந்தார். லென்சுகளைத் தாங்கும் அலுமினிய வளையங்கள் எல்லாம் அவர் கையால் செய்தவை. என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். கடையில் எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை டாக்டரம்மா என்பார்.

முதல் குளிர்காலத்தில் பாலைவனத்தில் நண்பர்கள் வைத்திருந்த தொலைநோக்கியில் கருவியைப் பொருத்தினோம். எங்கள் இரட்டை நட்சத்திரத்திலிருந்து சுழலும் ஒளி கிடைத்தது. அளவு ஏறிக்கொண்டே போனது. யாரும் இதுவரை சொல்லாத அளவு. என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வருடம் அது. கட்டுரைச் சுருக்கம் எழுதி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். துறைத் தலைவர் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காக்கா போன் செய்தார். "அந்த முன்னாடி லென்ச வளையத்தோட கழட்டிக் கடைக்குக் கொண்டு வாங்கோ."

கொண்டு போனேன். பக்கத்து டீக்கடைக் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் அதை வைத்தார். பிறகு எடுத்து ஒரு சிறு பெட்டிக்குள் நுழைத்தார். கண்ணாடிக் கடைகளில் இருக்கும் பெட்டிதான். இரண்டு போலராய்டு தகடுகள், நடுவில் லென்ஸ். ஃபிரேம் லென்சை அதிகமாக இறுக்கினால் இறுக்கிய இடம் வெளிச்சமாகத் தெரியும். நிம்மதியாக இருக்கும் லென்ஸ் இருட்டாகவே இருக்கும். எங்கள் லென்சில் மூன்று ஸ்க்ரூ இருந்த இடங்களிலும் பூவிதழ் மாதிரி வெளிச்சம் விரிந்திருந்தது.

"குளிர்ல அலுமினியம் சுருங்கிக் கண்ணாடியப் புடிக்குது. நேத்து ஒரு கஸ்டமர் ஃபிரேமப் பாக்கும்போதுதான் தோணுச்சு. டாக்டரம்மா, இது நட்சத்திரம் சொன்னது இல்லையோன்னு பயமா இருக்கு. நாம இறுக்குன ஸ்க்ரூ சொன்னதா இருக்கும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தொலைநோக்கியின் சாய்ந்த ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி, அழுத்தம் ஏறிய லென்ஸ் வழியே போனால் பொய்யான சுழற்சியைக் காட்டும். இரவு குளிரக் குளிர அந்தப் பொய்யும் கூடும். புரிந்ததால்தான் கோபம் வந்தது. முபாரக்கும் இரண்டு வாடிக்கையாளர்களும் நிற்கும்போது, "கண்ணாடி மாட்டுறவர் எனக்கு பிசிக்ஸ் சொல்லித் தரவேண்டாம்" என்றேன்.

அவர் பெட்டியின் விளக்கை அணைத்தார். லென்சைத் துணியில் சுற்றி, துணியை மடித்து, என் கையில் கொடுத்தார்.

அந்த வாரமே தளவிளைவு இல்லாத ஒரு சாதாரண நட்சத்திரத்தை அளந்து பார்த்தேன். கருவியை முதலில் சோதித்தபோது, இலையுதிர்காலத்து வெதுவெதுப்பில், அது பூஜ்யம் காட்டியிருந்தது. குளிரில் காட்டவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். மூன்று வருட ஒப்பந்தத்துக்குப் பதில் ஒரு வருடம் கொடுத்தார்கள். அவரைப் போய்ப் பார்க்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. மன்னிப்பை வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். வாயைத் திறக்குமுன் அவர், "கலாஸ், அத விடுங்கோ. புது வளையம் செஞ்சு வச்சிருக்கேன்" என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். மூன்று ஸ்க்ரூவுக்குப் பதில் லென்சைச் சுற்றி மெத்தென்ற ஒரு பட்டை. ஐந்து வாரமும் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். நான் வருவேனா என்று தெரியாமலே.

அடுத்த குளிர்காலத்தில் சாதாரண நட்சத்திரம் குளிரிலும் பூஜ்யம் காட்டியது. போனில் சொன்னேன். "ஜீரோவா? சுத்தமா ஜீரோவா? மாஷா அல்லாஹ்!" என்று அவர் கத்தியதில் அறையில் தூங்கியவர்கள் எழுந்துவிட்டதாக முபாரக் பிறகு சொன்னார். இரட்டை நட்சத்திரம் முன்பு காட்டியதில் நாலில் ஒரு பங்குதான் காட்டியது. ஆனால் அந்த ஒரு பங்கு, இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று சுற்றிவரும் கணக்குப்படியே ஏறி, இறங்கி, திசை மாறி, மறுபடி ஏறியது. அந்த வரைபடத்தை அச்செடுத்து அவருக்குக் கொடுத்தேன். மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போனார்.

கட்டுரையில் அவர் பெயரைப் போடவேண்டும் என்று நான் சொன்னபோதெல்லாம், "வேணாம்மா, வேற எடத்துல வேல பாக்கறேன்னு கஃபீல் நினைப்பாரு" என்று தட்டிக்கழித்தார். இன்னொரு பருவம் அளந்து உறுதி செய்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தோம். கோடையில் அந்த நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். அது திரும்பி வருவதற்கு முன் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில் அவருக்கு விசா கொடுத்த கஃபீலான கடை முதலாளியிடம் போய்ப் பேசினேன். அவர் உடனே சம்மதித்தார். நட்சத்திரம் திரும்பி வந்ததும் அளந்து உறுதி செய்துகொண்டு கட்டுரையை அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஆசிரியர் சாகுல் ஹமீது. நிறுவனம் என்ற இடத்தில் "கண்ணாடிக் கடை, சத்வா, துபாய்" என்று எழுதியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு மதியம் அவருடைய மனைவி போன் செய்தார். அவருடைய சாமான்களோடு ஊருக்கு அனுப்பிய பெட்டியில் அந்த வரைபடத்தைப் பார்த்திருக்கிறார்.

"லீவு நாள்ல எங்க போறீங்கன்னு கேட்டா, ஒரு டாக்டரம்மாவுக்கு ஒத்தாசைக்குப் போறேன்னு மட்டும் சொல்லுவாங்க. நான் ஏதோ ஆஸ்பத்திரின்னு நெனச்சேன். இதுல என்னம்மா கோடு கோடா இருக்கு?"

ஒரு மணி நேரம் சொன்னேன். நான் கடையில் கத்தியதையும் மறைக்கவில்லை. அவர் காகிதத்தை மறுபடி விரிக்கும் சத்தம் வந்தது. பிறகு கேட்டார்: "அந்த ரெண்டு நட்சத்திரத்துக்கும் பேரு இருக்கா?"

"இல்லம்மா. நம்பர்தான்."

"அப்ப இவங்க பேர வைக்கலாமா?"

ஆகட்டும் என்று சொல்லியிருக்கலாம். காயல்பட்டினத்தில் அந்த வீட்டில் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அந்த அம்மாவுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது.

"அப்படி வைக்க எனக்கு உரிமையில்லம்மா," என்றேன். "கட்டுரையில அவங்க பேரு இருக்கு. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

மறுமுனையில் அழுகை கேட்டது. நானும் அழுதேன். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. முன்பெல்லாம் நான் கசந்தாலும் உள்ளதையே சொல்லுகிறவள் இல்லை. என்னிடம் மிச்சமிருக்கும் சாகுல் காக்கா இதுதான்.