ஒன்பதாம் நம்பர் மலையில் பதினேழு வெற்றிடங்கள்

1. சாவி

1973 செப்டெம்பர் 15, சனிக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மழை இல்லை, மூடுபனி மட்டும். ஐந்தே முக்காலுக்கு, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் போனேன். அன்று மேல் பிரிவில் கொழுந்துக்கு அறுபத்தொரு பேர், செடியைக் கவ்வாத்து வெட்டப் பதினான்கு பேர், வடிகால் கான் வெட்ட ஆறு பேர். ஏழரைக்கு ஆபீஸ் திறந்து செக்ரோலில் அன்றைய ஆள்பேர் பதிந்தேன். ஒன்பது மணிக்குப் பிளேன்டீ. ஒன்பதரைக்குத் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை கூப்பிட்டார்.

அவர் மேசையில் என் கையெழுத்தில் ஓர் அறிவித்தல் கிடந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் நான் ஒட்டியது. அதை யாரோ உரித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

“கிளாக்கர், இது ஒங்க எழுத்துதானே?”

“ஆமாங்க.”

“போன மாசம் ஹல்துமுல்லைப் பக்கத்துக் கோட்டை. அதுக்கு முந்தி பதுளைப் பன்சல. நல்லது, பேசுங்க. இந்த மாசம் என்ன, ஒன்பதாம் நம்பர் மலையின் வரலாறு? தேயிலைக்கு என்னய்யா வரலாறு?”

“தேயிலைக்குக் கீழ இருக்குங்க.”

அவர் எழுந்து சுவரில் தொங்கிய தோட்டப் பிளானில் விரலை வைத்தார். “இங்க ஒண்ணும் இல்ல. பிளான்ல இல்லாதது மலையிலயும் இல்ல. திங்கக்கிழமை ஆள் எறங்குது. பழைய தேயிலையப் புடுங்கிட்டுப் புது ரக வீ.பி. கன்று வைக்கிறோம். பிள்ளைக்காம்பரா சாவி இனி இந்த மேசையில இருக்கும்.”

நான் ‘சரிங்க’ என்று சொல்லவில்லை. ‘தெரிஞ்சிச்சுங்க’ என்று சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல என்பதால் அன்றைய டயரியில் அதைத் தனியாகக் குறித்திருக்கிறேன்.

தோட்ட ஆபீஸ்களுக்கு இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம்தான் பிள்ளைக்காம்பரா. மாதம் ஒரு ஞாயிறு அது காலியாக இருக்கும் நேரத்தில் ஊர் வரலாறு பற்றிப் பேச எனக்கு அனுமதி இருந்தது. ஆறு வருடம் பேசினேன். கோட்டை, விகாரை, ரயில் பாதை, பதுளையில் கல்லறை எழுப்பப்பட்ட வெள்ளைக்காரர்கள் எல்லாம் பேசியாயிற்று. நாங்கள் நின்றுகொண்டிருந்த மண்ணைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக ஓர் அறிவித்தல் எழுதினேன். தலைப்பை மாற்றவில்லை. இடம் என்பதற்கு எதிரே ‘ஒன்பதாம் நம்பர் மலை, கீழ் ரோட்டு ஓரம்’ என்றும், நேரம் என்பதற்கு எதிரே ‘நாளை காலை பத்து மணி’ என்றும் எழுதி, அதே சுவரில் நாலு மூலைக்கும் பசை தடவி ஒட்டினேன்.

2. வறட்சி, வெட்டுப்புழு, வறட்சி

அதற்கு முந்திய ஞாயிறு, ஒன்பதாம் தேதி, மீனாட்சி என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். மேல் பிரிவின் கொழுந்துக்காரர்களில் மூத்தவர். என் பேச்சுக்கு ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் ஏதாவது குத்திவிட்டுப் போகிறவர்.

“கோட்டை கொத்தளமெல்லாம் அளந்து சொல்லுறீங்க கிளாக்கரய்யா. ஒன்பதாம் நம்பருக்கு ஒங்க நூலு எட்டாதோ?”

“அங்க என்ன இருக்கு?”

“எங்காளுங்க இருக்காங்க.”

ஒன்பதாம் நம்பர் மலையின் கீழ்ச்சரிவு ஒரு காலத்தில் தோட்டத்து மயானம். பிறகு வந்த ஒரு துரை மயானத்தை ஆற்றுக்கு அப்பால் மாற்றிவிட்டு, இந்தச் சரிவிலும் தேயிலை நட்டார். நான் இந்தத் தோட்டத்துக்கு வருமுன் நடந்தது அது. ஆபீஸில் அதைப் பற்றி ஒரு தாளும் இல்லை. மீனாட்சியின் முதல் குழந்தை அங்கே இருந்தது.

“எனக்கு இந்தியாப் பாஸ்போட்டு வந்துருச்சு. தை முடிஞ்சா கப்பலு. பொறந்த ஊரு இதுதான்னு நான் சொன்னேன், எவன் கேட்டான்? நான் போயிருவேன். அது இங்கதான் கெடக்கணும். கெடக்குற எடத்துலயாவது கிண்டாம விடட்டும்.”

நான் நூல்கண்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு அவருடன் போனேன். பழைய தேயிலையை நாலடிக்கு நாலடி நூல் பிடித்து நட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு செடி இல்லாவிட்டால் எங்கே இல்லை என்பது உடனே தெரியும். அதை நாங்கள் வேக்கன்சி என்போம், வெற்றிடம். முதல் வெற்றிடத்தில் நின்றதும், தெரிந்தவன்போல, “இங்க ஒரு செடி செத்துப்போச்சு” என்றேன்.

“சாகல. வைக்கவே இல்ல. குழி வெட்ட வந்த ஆம்பளைங்க இந்த எடத்த விட்டுட்டு அடுத்த குழிக்குப் போயிட்டாங்க. கங்காணியும் பாத்துட்டுப் பேசாம இருந்தாரு. அவரு அப்பனும் இங்கதானே.”

“சரி, நான் வருசா வருசம் வேக்கன்சிக்குக் கன்று குடுத்து நடச் சொன்னேனே?”

“நட்டோம். நடாட்டி செக்ரோல்ல பேரு போட மாட்டீங்களே.”

“அப்புறம்?”

“ரெண்டு நாள் கழிச்சுக் கொழுந்து எடுக்க வருவோம்ல. அப்ப புடுங்கிக் கான்ல போட்டுருவோம்.”

“யாரு?”

“கை இருக்குறவங்க எல்லாரும்.” அவர் சிரித்தார். “இந்த எடத்துல நாங்க கூடையக்கூட எறக்குறதில்ல. பதினோரு வருசமா இதே ரோட்டுல நின்னு எங்களை எண்ணுறீங்க. ஒரு நாளாவது கண்டீங்களா?”

நான் காணவில்லை. இருட்டுமுன் பதினேழு வெற்றிடங்களை அளந்தோம். ஒவ்வொன்றின் நீளமும் தெற்கு வடக்காக இருந்தது. நாலு இடத்தில் அளவு மிகச் சிறியது.

மறுநாள் ஆபீஸில் வேக்கன்சி பதிவேட்டைத் திறந்தேன். 1962 முதல் என் எழுத்து. வரிசை எண், செடி எண், கன்று நட்ட தேதி, நிலை, காரணம் என்று ஐந்து கட்டங்கள். பதினேழு இடமும் வருடா வருடம் அதே எண்களில் பிசகாமல் இருந்தன. நிலை என்ற கட்டத்தில் ‘இறந்தது’. காரணம் என்ற கட்டத்தில் ‘வறட்சி’, ‘வெட்டுப்புழு’, மறுபடியும் ‘வறட்சி’. கன்று நடுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். பக்கத்து மலையில் குடை பிடித்துக்கொண்டு நின்ற நான், இந்த மலையில் வறட்சி என்று எழுதியிருக்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. அதனால் எழுதியது.

எண்களை எழுதியவன் கவனமானவன். காரணத்தை எழுதியவன் பொய்யன். இருவரும் நானே. ஆனாலும் அந்தப் பதிவேட்டைப் போல ஒரு சாட்சி தோட்டத்தில் வேறு இல்லை. பதினோரு வருடம், ஒவ்வொரு பக்கத்திலும் துரைமாரின் சுருக்கொப்பம்.

3. வெயிலில் ஒரு கூட்டம்

செப்டெம்பர் 16, ஞாயிறு. பத்து மணிக்கு எண்பத்து மூன்று பேர். பிள்ளைக்காம்பராவுக்கு ஒருபோதும் ஐம்பது பேருக்கு மேல் வந்ததில்லை. சந்தியில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் நானாவும் ஒரு கட்டு வெள்ளைத் துணியோடு ஏறி வந்திருந்தார். முதல் நாள் பதினேழு முளைக்குச்சி வெட்டிக்கொண்டிருந்தபோது அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

“அந்தக் காலத்துல இவங்களுக்குக் கோடித் துணி எங்க வாப்பா கடையிலதான் போச்சு,” என்றார். “இன்னைக்கும் எங்க துணியே இருக்கட்டும். ஆனா கிளாக்கர், எங்க பள்ளிவாசல் பயான் மாதிரி நீட்டிடாதீங்க. வெயில் ஏறுது.”

நீட்டவில்லை. நூல் பிடித்துக் காட்டினேன். வரிசை எப்படிப் போகிறது, எங்கே முறிகிறது, முறிந்த இடம் ஏன் ஒரு செடிக்குரிய அளவில் இல்லாமல் ஓர் ஆளுக்குரிய அளவில் இருக்கிறது என்று சொன்னேன். மண்வெட்டி எடுக்கவில்லை. தோண்டாமலே ஒரு நிலத்தைப் படிக்கலாம் என்று விளக்கினேன். ஒவ்வொரு வெற்றிடத்திலும் குச்சி அடித்துத் துணி கட்டி, இங்கே யார் என்று கேட்டேன்.

முதல் இரண்டு குச்சிக்கும் யாரும் பேசவில்லை. மூன்றாவதில் ஒரு குரல், “எங்க தாத்தா, வீரமுத்து” என்றது. “வீரமுத்துவா? அந்த ஆளு கள்ளுக்குடிச்சுச் செத்தவருல்ல?” என்றது இன்னொன்று. “செத்தா செத்ததுதானே, எழுதுங்க கிளாக்கரய்யா.” சிரிப்பு எழுந்தது. அதன்பின் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. முதல் இரண்டு குச்சிக்கும் திரும்பிப்போனோம். பதினாறுக்குப் பெயரோ உறவோ கிடைத்தது. ஒன்றுக்குக் கிடைக்கவில்லை.

பிறகுதான் பதிவேட்டைத் திறந்து வாசித்தேன். பதினோரு வருடமாக இந்த இடங்களில் கன்று நின்றதே இல்லை என்பதற்கு ஆபீஸ் எழுத்தே சாட்சி என்றேன். “காரணம் வறட்சி அல்ல. நீங்கள் பிடுங்கியிருக்கிறீர்கள். எனக்கு அது தெரியவில்லை.” எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. கீழ் ரோட்டில் துரையின் ஜீப் நிற்பதை அந்த வாக்கியம் முடிந்த பிறகுதான் கண்டேன்.

துரை மேலே வந்து குச்சிகளைப் பார்த்தார். “துணி கட்டினா மயானமா? ஒரு எலும்பக் காட்டுங்க. வேலைய நிறுத்துறேன்.”

மீனாட்சி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

“தொரை, ஒங்க அம்மா உசிரோட இருக்காங்களா?”

“இல்ல.”

“செத்தாங்கன்னு எப்படிச் சொல்லுறீங்க? எலும்பத் தோண்டி வச்சிருக்கீங்களா?”

துரையின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார்.

“கன்று சாகல, ஆளுங்க புடுங்கியிருக்காங்க. நீங்களே சொன்னீங்க. அது தோட்டத்துச் சொத்து. யார் யார் புடுங்கினதுன்னு பேர் எழுதி நாளைக்கு ஏழரைக்கு என் மேசையில வைக்கணும். இல்லாட்டி ஒங்க குவார்ட்டர்ஸ் சாவியையும் சேர்த்து வையுங்க.”

ஜீப் போய்விட்டது. நான் மயானத்தை நிரூபித்தேன். அதே வாக்கியத்தில் உயிரோடிருப்பவர்களைக் காட்டிக்கொடுத்தும்விட்டேன். பிடுங்கினதாகப் பெயர் போனால், தண்டனையாக அவர்களை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். பாஸ்போர்ட் வந்த மீனாட்சிக்கோ கடைசி மாதங்களின் கூலியும் சேவைக்காலப் பணமும் சிக்கலாகும். இறங்கும்போது அவரிடம், “என்னால வந்த வினை” என்றேன்.

“ஆமா, ஒங்களாலதான்,” என்றார். சமாதானம் சொல்லவில்லை. “இப்ப எழுதப் போறீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

“மாட்டேன்.”

“அப்ப போய்ச் சாப்புடுங்க.”

4. பின்னால் நடந்தது

இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். டயரியில் இது பல மாதங்களில் சிதறிக் கிடக்கிறது.

திங்கட்கிழமை பிடுங்கல் வேலைக்குப் பெயர் வாசிக்கப்பட்ட இருபது பேரில் ஒருவரும் ஒன்பதாம் நம்பருக்கு இறங்கவில்லை. செவ்வாய், புதனும் அப்படியே. வியாழக்கிழமை பதுளையிலிருந்து தொழிற்சங்க ஆள் வந்தார். இரண்டு வாரப் பேச்சுக்குப் பின் கீழ்ச்சரிவு மட்டும் வீ.பி. நடுகையிலிருந்து விடப்பட்டது. விட்டதற்குக் காரணமாக ஆபீஸ் எழுதியது: ‘கற்பாறை, நடுகைக்குத் தகுதியற்றது.’ அங்கே ஒரு கூடை கல்கூடக் கிடையாது. நான் எதிர்ப்புத் தெரிவித்து எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

யார் மீதும் நடவடிக்கை இல்லை, என்னைத் தவிர. நவம்பரில் என்னைக் கீழ்ப் பிரிவுக்கு மாற்றி, ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ் தந்தார்கள். பிள்ளைக்காம்பராவில் பேச்சு தடை. மாதம் ஒரு ஞாயிறு வெளியில் பேசினேன். மலைக்குச் சாவி கிடையாது. மீனாட்சி மறு வருடம் மாசியில், இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்.

நான் கற்றது ஒன்றுதான். பதிவேட்டில் தெரியாத காரணத்தை எழுதாதே. கட்டத்தைக் காலியாக விடு. காலியான கட்டத்தைப் பார்த்து யாராவது ஒருநாள் கேட்பார்கள். ‘வறட்சி’ என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாவதாகவும் ஒன்று சொல்லலாம். ஒரு சாட்சியைக் கூட்டத்தில் வைக்குமுன், அது யார் தலையில் விழும் என்று பார்த்துக்கொள்.

செப்டெம்பர் 17, திங்கள். நாலே முக்காலுக்கு எழுந்தேன். முகம் கழுவுமுன், தேநீர் போடுமுன், மேசையில் உட்கார்ந்து துரைக்குக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் இவ்வளவுதான்: “கன்றுகளைப் பிடுங்கியவர்களின் பெயர்களைக் கேட்டிருக்கிறீர்கள். அவை எனக்குத் தெரியும். தரமாட்டேன். ஒன்பதாம் நம்பர் மலையில் கிடப்பவர்களின் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். குவார்ட்டர்ஸ் சாவியும் உறைக்குள் இருக்கிறது.”

பிறகு வேறொரு தாள் எடுத்து, கோடு போட்டு, ஒன்று முதல் பதினேழு வரை எண் இட்டேன். ஒன்றாம் எண்ணுக்கு எதிரே, ‘மீனாட்சியின் மகள், ஏழு நாள், பெயர் வைக்கவில்லை’ என்று எழுதினேன்.