அவளுக்கென்று ஒரு கப்

எங்கள் ஊர் பீங்கானுக்குப் பேர்போனது. தொழிற்பேட்டைப் பக்கம் போனால் கப், சாசர், பொம்மை, கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைச் சாமான் என்று குவியல் குவியலாகக் கிடக்கும். ஆனால் விருத்தாசலத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் சோறும் டீயும் எவர்சில்வரில்தான். என் வீட்டுக்காரர் இருபது வருடமாக அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் வீட்டு உபயோகத்துக்கென்று கொண்டுவந்த முதல் பீங்கான், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்காக வந்தது.

என் மகள் அப்போது பிளஸ் ஒன். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து, கூடப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிப் படிக்கிற ஒரு ஏற்பாடு அவள் பள்ளிக்கு வந்தது. நம் வீட்டில் ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் பந்தாவுக்காகத்தான் சரி என்றேன். எங்கள் தெருவில் வேறு யார் வீட்டுக்கும் அப்படி ஒரு பிள்ளை வந்ததில்லை.

அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் எதிர் வீட்டு அம்மாவுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை.

"ஃபாரின் பொண்ணுன்னு சொன்னீங்க, நம்ம சேத்தியாத்தோப்பு பொண்ணு மாதிரியில்ல இருக்குது!"

பதினாறு வயது, மாநிறம், கறுகறுவென்று முடி. நான் வாங்கி அடுக்கியிருந்த பிரட்டையும் ஜாமையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளே பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு இட்லி சாப்பிட்டாள். அதைப் பார்த்த என் வீட்டுக்காரருக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவளுக்கென்று வந்த பீங்கான் தட்டும் கப்பும் வெள்ளை, விளிம்பில் மட்டும் ஒரு நீலக் கோடு. அவளை மேசையில் உட்காரவைத்து முதலில் பரிமாறுவேன். அவள் எழுந்த பிறகுதான் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். தட்டை எடுக்க அவள் கை நீட்டினால் விடமாட்டேன். நானே கழுவித் துடைத்து, ஜன்னலோர அலமாரியில் துணி போட்டு மூடி வைப்பேன். விருந்தாளியைக் கவனிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கே ஒரு நினைப்பு.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை மத்தியானம், பாண்டிச்சேரியிலிருந்து அந்த ஏற்பாட்டைக் கவனிக்கிற அம்மா போன் செய்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு வேற வூட்டுக்கு மாத்தித் தர முடியுமான்னு கேக்குது. உங்க வூட்ல தன்னை ஒதுக்கி வெச்சிருக்கறதா நெனைக்குது. திங்கக்கெழம வந்து கூட்டிக்கிட்டுப் போயிடட்டுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒதுக்கி வைத்தேனா? மூன்று வாரம் கால் நோக நின்று பரிமாறியதற்கு இதுதான் பலனா? தெருவே வேடிக்கை பார்க்க அவள் பெட்டியோடு போவதை நினைத்தபோது மானம் போவதுபோல் இருந்தது. கோபம் கொஞ்சம் இறங்கியதும் வேறொன்று வலித்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. பள்ளிவிட்டு வந்ததும் என் மகளோடு கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு, ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்பாள். அந்தச் சத்தம் வீட்டைவிட்டுப் போய்விடும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். என் இங்கிலீஷ் கடைத்தெருவுக்கே போதாது. மகளிடம், "உனக்கு இங்க என்னா கொறைன்னு கேளு" என்றேன்.

மகள் கேட்டதும் அந்தப் பெண் எழுந்துபோய்த் துணியை விலக்கித் தன் கப்பை எடுத்து வந்தாள். பிறகு தோட்டத்துக் கதவைத் திறந்து, சுவர் மாடத்திலிருந்த டம்ளரையும் எடுத்து வந்தாள். பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்கு டீ கொடுப்பதற்கென்று வைத்திருந்த டம்ளர் அது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் பேசினாள். மகள் தமிழில் சொன்னாள்.

"இந்த டம்ளரு அந்த அக்காவுக்கு மட்டும். இந்தக் கப்பு எனக்கு மட்டும். ரெண்டும் மத்த பாத்திரத்தோட சேர்றதில்ல. ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்னு கேக்கறா."

"வித்தியாசம் இல்லாம? அது வேலைக்கு வர்றவளுக்கு. இது விருந்தாளிக்கு, மரியாதைக்கு. சொல்லு."

மகள் சொல்லவில்லை. "நீ அந்தக் கப்புல ஒரு நாளாவது டீ குடிச்சிருக்கியாம்மா?" என்றாள்.

இல்லை. ஏன் என்பதும் எனக்குத் தெரியும். அவள் வந்த அன்றே எதிர் வீட்டு அம்மா காதில் ஓதியிருந்தாள்: "மாட்டுக்கறி துன்றவங்க. பாத்திரம் பண்டம் பாத்து வெச்சிக்க." நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். ஆனால் அந்தத் துணியை அன்றைக்குத்தான் போட்டு மூடினேன்.

அந்தப் பெண் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அவள் அம்மா இவள் வயதில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தாராம். அங்கே அவருக்குத் தனித் தட்டு. அந்த வீட்டுக்காரி நல்லவள், நேரத்துக்குச் சோறு போடுவாள், அதட்டிப் பேசியதே இல்லை. "இப்ப அவங்க நர்ஸு. இன்னிக்கும் யாரு வூட்டுக்குப் போனாலும், தனக்கு என்னா தட்டு வெக்கறாங்கன்னு பாத்துட்டுத்தான் ஒக்காருவாங்களாம்" என்று மகள் சொன்னாள்.

கடைசியாக ஒன்று கேட்டாள். "நான் ஊருக்குப் போன பிறகு இந்தக் கப் யாருக்கு?"

அதை நான் முதல் வாரமே மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். அவள் போனதும் அது மாடத்துக்குப் போகும், நசுங்கின டம்ளருக்குப் பதிலாக. அதை அவளிடம் எந்த பாஷையில் சொல்வது?

எழுந்துபோய் டீ போட்டேன். அவளுக்கு எங்கள் டம்ளரில் ஊற்றினேன், எனக்கு அந்தக் கப்பில். வாயருகே கொண்டுபோனபோது கை ஒரு விநாடி நின்றது. நின்றதை அவளும் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. குடித்துவிட்டேன். டீ டீயாகத்தான் இருந்தது. அவள் தன் டம்ளரை எடுத்துப்போய்த் தானே கழுவினாள். நான் தடுக்கவில்லை. அன்று நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. அவளே போன் செய்து, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் மாடத்து டம்ளர் பாக்கி இருந்தது. செவ்வாய்க்கிழமை பாத்திரம் தேய்க்க வந்தவளுக்கு அந்த வெள்ளைக் கப்பிலேயே டீ கொடுத்தேன். பெரிய மனசோடு செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாக்கா, இனிமே இதுதான் எனக்கா?"

மெக்சிகோ பெண் பல் தேய்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். நல்லவேளை, அவளுக்குப் புரியவில்லை.

"இல்ல. இனிமே எது கையில வருதோ அது. உனக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்" என்றேன்.

வேலைக்கு வந்தவள் நம்பாமல் சிரித்தாள். வழக்கம்போல் தோட்டத்துப் படியில் உட்கார்ந்தே குடித்தாள். உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்து குடிக்க ஒன்றரை மாதம் ஆனது. 'உள்ள வாயேன்' என்று கூப்பிட எனக்கும் அவ்வளவு நாள் ஆனது.

மூன்று மாதம் முடிந்து மெக்சிகோ பெண் போய்விட்டாள். ரயிலடியில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். கப்பை எடுத்துப் போகச் சொன்னேன். வேண்டாம், வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

இப்போது அது மற்ற பாத்திரங்களோடு ஒரே கூடையில்தான் கவிழ்ந்து கிடக்கிறது. போன மாதம் ஏதோ ஒரு சொம்பு இடித்து விளிம்பு பெயர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு வருத்தம்.

"பீங்கான எவர்சில்வரோட போட்டா ஒடையாம என்னா செய்யும்? தனியா வெய்யின்னா கேக்கறியா?"

"தனியா வெக்கறதில்ல" என்றேன்.

பெயர்ந்த பக்கம் உதட்டைக் கீறும், திருப்பிப் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். நேற்று அது பாத்திரம் தேய்க்க வருகிறவள் கைக்கு வந்தது. இன்று காலை எனக்கு.